சுகர் வராமலிருக்க எத்தனை முறை சொல்ல வேண்டும்?

இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு எது? அ) கல்லீரல் ஆ) கணையம் இ) சிறுநீரகம் ஈ) தெரியாது.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள புறநகர்களில் குடியிருப்பவர்களுக்கு இந்த மாதிரிக் கேள்வித்தாள் புதிதல்ல. மருத்துவக் கல்லூரிகளும் நர்சிங் கல்லூரிகளும் நிறைந்த பகுதி இது. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் போன்ற இடங்களுக்குச் சமூக நலப் பயிற்சிக்காக மாணவிகள் வருவார்கள். வெள்ளைக் கோட்டு, கையில் படம் வரைந்த அட்டைகள், பிரஷர் பார்க்கும் கருவி. முதலில் கேள்வித்தாளைக் கொடுத்து மதிப்பெண் போடுவார்கள். பிறகு சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மாரடைப்பு பற்றி அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் பேசுவார்கள். ஒரு வாரம் கழித்து அதே கேள்வித்தாள் திரும்ப வரும். மதிப்பெண் கூடியிருக்கும். ‘சுகாதாரக் கல்வி பயனளிக்கிறது’ என்ற முடிவோடு ஆய்வேடு அட்டை போடப்படும்.

அந்த மாணவிகளின் உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. வெயிலில் அலைந்து, கதவைத் திறக்காதவர்களிடம் சிரித்துப் பேசி வேலை பார்க்கிறார்கள். ஆனால் கூடியது மதிப்பெண்தான். ஒரே தாளை இரண்டு முறை எழுதினால், நடுவில் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காவிட்டாலும், இரண்டாம் முறை கொஞ்சம் கூடுதலாகவே வரும். பாடம் கேட்காத இன்னொரு தெருவையும் அளந்து ஒப்பிட்டிருந்தால் எவ்வளவு பாடத்தால் வந்தது, எவ்வளவு பழக்கத்தால் வந்தது என்று பிரித்திருக்கலாம். பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. கணையம் என்று சரியாக டிக் அடித்தவர் மறுநாள் காலை எத்தனை இட்லி சாப்பிட்டார், மூன்று வருடம் கழித்து அவருக்குச் சுகர் வந்ததா என்பதெல்லாம் கேள்வித்தாளுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

தெரிந்துகொள்வது ஒன்று, செய்வது இன்னொன்று, நோய் வராமலிருப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனியாக அளந்து பார்த்த ஊர் எது என்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னைதான். வாழ்க்கை முறையால் வரும் நோய்களைக் கல்வியால் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு உலக மருத்துவ இதழ்கள் மேற்கோள் காட்டும் விடைகளில் சில இங்கேதான் கிடைத்தன.

முதல் படியிலிருந்து தொடங்கலாம். டாக்டர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2001-இல் சென்னையில் 26,001 பேரிடம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. நீரிழிவு என்று ஒரு நோய் இருப்பது தெரியுமா என்று கேட்டபோது 75.5 சதவீதத்தினர் தெரியும் என்றார்கள். அதாவது மாநகரத்தில் நான்கில் ஒருவருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. அதைவிட முக்கியமானது அடுத்த கேள்வி: இந்த நோயைத் தடுக்க முடியுமா? முடியும் என்றவர்கள் 22.2 சதவீதம் மட்டுமே. பின்னர் அதே நிறுவனம் சில ஆண்டுகள் நகரெங்கும் விழிப்புணர்வு இயக்கம் ஒன்றை நடத்திவிட்டு, 2007-இல் 3,000 பேரிடம் மறுபடி கேட்டது. நோயின் பெயர் தெரிந்தவர்கள் 81 சதவீதமாகவும், தடுக்கலாம் என்று நம்பியவர்கள் 41 சதவீதமாகவும் உயர்ந்திருந்தார்கள்.

இரண்டாவது எண் ஏறக்குறைய இரட்டிப்பானது சின்ன விஷயமல்ல. ‘எங்க அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வரத்தானே செய்யும்’ என்று தலையில் எழுதியதாக எடுத்துக்கொள்பவர் நடைப்பயிற்சிக்குக் கிளம்ப மாட்டார். தடுக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் செருப்பை மாட்டிக்கொள்ளத் தோன்றும். ஆனால் மாட்டிக்கொண்டாரா?

இதற்கு விடை சொல்லக் கட்டுப்பாட்டுக் குழு வைத்த ஆய்வு தேவை. அதைச் செய்தவர் டாக்டர் ஏ. ராமச்சந்திரன். அவரது குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. நம் ஊரில் ‘பார்டர்ல இருக்கு’ என்போமே, அந்த நிலையில் இருந்த 531 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 140-க்கு மேல், 200-க்குக் கீழ் இருந்தவர்கள். அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை. இரண்டாவது பிரிவுக்கு வாழ்க்கை முறை மாற்றத்துக்கான தொடர் வழிகாட்டல்: தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், சர்க்கரை, தீட்டிய தானியம், எண்ணெய் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும், நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். அவர்களை அவ்வப்போது தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை நேரில் உட்கார்ந்து பேசினார்கள். மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது பிரிவுக்கு இரண்டும்.

மூன்றாண்டுக் கணக்கில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. தொடர் வழிகாட்டல் பெற்றவர்களில் 39.3 சதவீதம். மாத்திரை எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்தவர்களில் 39.5. அதாவது பேச்சும் மாத்திரையும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்தன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. தொடர்ந்து வழிகாட்டப்பட்ட ஆறேழு பேரில் ஒருவர் அந்த மூன்றாண்டுக்குள் நீரிழிவிலிருந்து தப்பினார்.

இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்த இன்னொரு செய்தி உண்டு. வழிகாட்டல் பெற்றவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. ஆனாலும் நோய் குறைந்தது. ‘ஆறு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கலை’ என்று நொந்து நடையை நிறுத்துபவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். சுருங்கி விரியும் தசை, ரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ள இன்சுலினுக்காக முழுக்கக் காத்திருப்பதில்லை. தசை இயங்கும்போது குளுக்கோஸை உள்ளே விடும் புரதம் ஒன்று செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது. இன்சுலின் செய்யச் சொல்லும் அதே வேலை வேறு கட்டளையால் நடக்கிறது. நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் தசை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும். எடை பார்க்கும் கருவிக்கு இதெல்லாம் தெரியாது. அமெரிக்காவில் 2002-இல் முடிவு வெளியான இதேபோன்ற பெரிய ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி உடல் நிறைக் குறியீட்டெண் 34, சென்னைக்காரர்களுக்கு 25.8 மட்டுமே. நமக்குப் பார்வைக்குப் பெரிய தொந்தி இல்லாமலே சுகர் வரும். தசை குறைவு, உள்ளுறுப்பைச் சுற்றிய கொழுப்பு கூடுதல் என்ற உடல்வாகு நம்முடையது.

இனி அந்த 55 சதவீதத்துக்குத் திரும்பலாம். அவர்கள் ஒன்றுமே சொல்லப்படாதவர்கள் அல்ல. வழக்கமான அறிவுரை அவர்களுக்கும் கிடைத்தது. ‘சர்க்கரையைக் குறைங்க, நடங்க’ என்று மருத்துவமனையில் எல்லோருக்கும் சொல்வார்களே, அதுதான். ராமச்சந்திரன் குழு 2013-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. வேலைக்குப் போகும் 35 முதல் 55 வயதுவரையான ஆண்கள் 537 பேர், எல்லோரும் பார்டர் நிலையில் இருந்தவர்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே அறிவுரை தரப்பட்டது. பிறகு பாதிப் பேருக்கு மட்டும் கைபேசியில் குறுஞ்செய்தி போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் மாறத் தயாராக இருக்கிறாரா, யோசனையில் இருக்கிறாரா, ஏற்கெனவே தொடங்கிவிட்டாரா என்பதைப் பார்த்துச் செய்தியை மாற்றி அனுப்பினார்கள். இரண்டாண்டு முடிவில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கு நீரிழிவு. பெற்றவர்களில் 18 சதவீதம். 2013-இல் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால் இதைவிட மலிவான சிகிச்சை இருக்க முடியாது.

ஆக, நல்ல ஆய்வுகளில் எல்லாம் ‘ஒருமுறை சொல்லிவிட்டு விடுவது’ என்பது ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் எளிய பிரிவு. வேலை செய்கிறதா என்று பார்ப்பது அதற்கு மேல் கொடுப்பதைத்தான். நம் முகாம்களோ அந்த ஒப்பீட்டுப் பிரிவோடு நின்றுவிட்டுக் கைதட்டிக்கொள்கின்றன. ஆன்டிபயாடிக் மாத்திரையை ஒரு வேளை மட்டும் விழுங்கிவிட்டுக் காய்ச்சல் இறங்கவில்லை என்று மருந்தைத் திட்டுவதும், ஒரு கூட்டம் போட்டுவிட்டு ‘மக்களுக்குச் சொன்னா கேக்கறதில்லை’ என்று சலித்துக்கொள்வதும் ஒன்றுதான்.

அளவு கூடினால் பலன் கூடிக்கொண்டே போகுமா? அங்கேயும் சென்னை ஒரு எச்சரிக்கை தருகிறது. மோகனின் அறக்கட்டளையும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து 578 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. ஆறு மாத வகுப்புகள், நம் உணவுக்கேற்ற பாடத்திட்டம். தேவைப்பட்டவர்களுக்குப் பிறகு மெட்ஃபார்மினும் சேர்க்கப்பட்டது. மூன்றாண்டில் நீரிழிவு வந்தவர்கள் ஒப்பீட்டுப் பிரிவில் 34.9 சதவீதம், வகுப்புப் பிரிவில் 25.7. நல்ல பலன்தான். ஆனால் வகுப்புக்குப் போனவர்களில் 72 சதவீதத்தினருக்கு மாத்திரை தேவைப்பட்டது. இன்னொன்று, பார்டர் எல்லாம் ஒரே பார்டர் அல்ல. சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுபவர்களுக்குப் பலன் நன்றாகத் தெரிந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூடியிருந்தவர்களுக்குச் சொற்பமே. முன்னதில் தசைக்குப் பெரிய பங்கு. பின்னதில் இரவெல்லாம் குளுக்கோஸை உற்பத்தி செய்யும் கல்லீரலுக்கும், இன்சுலின் சுரப்பு குறைவதற்கும் பங்கு அதிகம். காலையில் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பார்க்கிற எல்லோரிடமும் சொல்வது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது. நடந்தும் சுகர் வந்தவர் தன்னைத் தானே குற்றவாளியாக நினைத்துக்கொள்வார்.

கேரளத்தில் மருத்துவர்களை நம்பாமல் அக்கம்பக்கத்தாரை வைத்தே செய்து பார்த்தார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகள், 1,007 பேர். ஊர்க்காரர்களில் ஒருவரே பயிற்சி பெற்றுக் குழுவை நடத்தினார். 2018-இல் வெளியான முடிவு: நீரிழிவு வந்தவர்கள் ஒப்பீட்டுப் பிரிவில் 17.1 சதவீதம், குழுப் பிரிவில் 14.9. வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். குடி குறைந்தது, காய்கறி, பழம் உண்பது கூடியது. நீரிழிவைக் குறைத்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட முடிவை மறைக்காமல் அச்சிட்டவர்களை மதிக்கிறேன்.

இதுவரை சொன்னது எல்லாம் அபாயத்தில் இருக்கும் ஆளைத் தேடிப் பிடித்துச் சொல்வது பற்றி. ஊர் முழுவதற்கும் சொல்வது வேறு கதை. மாரடைப்பைத் தடுக்கப் பொதுமக்களுக்கு அறிவுரையும் ஆலோசனையும் தந்த ஆய்வுகளை 2011-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது: 55 ஆய்வுகள், ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஏற்கெனவே ரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்களுக்குப் பலன் இருந்தது. மற்ற பொதுமக்களிடையே இறப்பு குறையவில்லை. 

ஏன் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பாதி விடை இருக்கிறது. 1996-97-இல் நகரின் இரண்டு குடியிருப்புகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் காலனி, மற்றது தி.நகரில் குறைந்த வருமானக்காரர்கள் பகுதி. திருமங்கலத்தில் சொற்பொழிவு, துண்டறிக்கை என்று விழிப்புணர்வு வேலை நடந்தது. அதைக் கேட்ட குடியிருப்பாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தாங்களே பணம் திரட்டிக் காலனிக்குள் ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் முன்பு 14.2 சதவீதமாக இருந்தார்கள். ஏழாண்டுக்குப் பிறகு 58.7 சதவீதம். பத்தாண்டு கழித்து இரண்டு குடியிருப்புகளையும் மறுபடி அளந்தபோது, நடுத்தர வருமானக் காலனியில் நீரிழிவு 12.4-இலிருந்து 15.4 சதவீதமாகியிருந்தது. குறைந்த வருமானப் பகுதியில் 6.5-இலிருந்து 15.3.

பணக்காரர் நோய் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்று பத்தே ஆண்டில் குடிசைப் பகுதியை எட்டிப் பிடித்துவிட்டது. இந்த வித்தியாசம் முழுவதும் பூங்காவால் வந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடங்களிலும் மாறிய விஷயங்கள் பல. ஆனால் ஒன்று தெரிகிறது: திருமங்கலத்தில் கல்வி பூங்காவாக மாறியது. அதற்குக் காலனிக்குள் காலி இடம் இருந்தது, வசூலிக்கப் பணம் இருந்தது, கூட்டம் கூட்டி முடிவெடுக்க ஒரு சங்கம் இருந்தது. தி.நகர்க்காரர்களுக்கு இந்த மூன்றும் எங்கிருந்து வரும்?

எண்ணெயையும் பார்க்க வேண்டும். ‘கொழுப்பைக் குறைங்க’ என்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதியிருக்கும். ரேஷன் கடையில் 2007-லிருந்து சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் கிடைப்பது பாமாயில், லிட்டர் 25 ரூபாய். அதில் நிறைவுற்ற கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல். ஏழைக் குடும்பத்துக்கு விலை பேசும் அளவுக்குச் சுவர் பேசாது. தமிழர்கள் கணிசமாக வாழும் மொரீஷியஸில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். 1987-இல் அங்கே அரசு, ரேஷன் சமையல் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததிலிருந்து முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றியது. ஐந்தாண்டில் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 15 சதவீதம் இறங்கியது. அதே காலத்தில் அந்நாட்டில் உடல் பருமன் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணெயை மாற்றியதால் யாரும் நடக்கத் தொடங்கிவிடவில்லை.

மாடம்பாக்கத்துக்கு வருவோம். சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயிலும் பெரிய ஏரியும் கொண்ட இந்த ஊர் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேரும்வரை பேரூராட்சியாக இருந்தது. வயல் மனையானது, மனை அடுக்குமாடியானது. நடைபாதை மட்டும் வரவில்லை. தண்ணீர் லாரியும் பள்ளி வேனும் போகும் தெருவில் அறுபது வயதுப் பெண்மணியிடம் ‘தினம் அரை மணி நேரம் வேகமா நடங்கம்மா’ என்று சொல்கிறவர் ஒருநாள் அவரோடு சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். மாநில அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறிக்கிறது. நல்ல எண்ணம். ஆனால் வீட்டிலிருந்து பேருந்து பிடித்துப் போய் யாரும் தினமும் நடக்க மாட்டார்கள். ஏரிக்கரையில் விளக்கும், தடுமாறாத பாதையும், நாய்த் தொல்லைக்கு ஒரு வழியும் அதைவிடப் பெரிய சுகாதாரக் கல்வி.

ஆளைத் தேடிப் பிடிப்பதற்கும் இங்கேயே கருவி உண்டு. மோகன் குழு 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு ஊசி வேண்டாம். தையல்காரர் டேப் போதும். வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்பளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழ், ஆண்களுக்கு 90-க்குக் கீழ் என்றால் 0. அதற்கு மேல் முதல் பத்து சென்டிமீட்டருக்குள் 10. அதையும் தாண்டினால் 20. உடற்பயிற்சியும் இல்லை, உடலுழைப்பும் இல்லை என்றால் 30. ஒன்று மட்டும் இருந்தால் 20. இரண்டும் இருந்தால் 0. பெற்றோரில் ஒருவருக்குச் சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டிப் பார்த்து 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஓர் அடுக்குமாடிச் சங்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடக்கூடிய வேலை. வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. மீதி இரண்டில்தான் கல்விக்கு இடம்.

தொடர்ந்து சொல்வதற்கான ஆளும் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். அது தொடங்குவதற்கு முன் 2020-இல் எடுத்த மாநில ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. 2023-24-இல் எடுத்த அடுத்த சுற்றில் இவை ஏறக்குறைய 17 சதவீதத்தைத் தொட்டன. இன்னும் ஆறில் ஒருவர்தான் என்றாலும், திரும்பத் திரும்ப வந்து விசாரிப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு அடையாளம். ‘மாத்திரை தீர்ந்துடுச்சாம்மா? உப்பு குறைச்சீங்களா?’ என்று தெரிந்த முகம் மாதாமாதம் கேட்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

ஆனால் பகலில் வரும் அந்தத் தன்னார்வலரை வீட்டில் சந்திப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் வீட்டில் இருக்கும் பெண்களும். நாற்பது வயது மகன் அந்நேரம் தாம்பரத்தில் மின்சார ரயிலில் தொற்றிக்கொண்டிருப்பார், அல்லது மேடவாக்கம் நெரிசலில் சோழிங்கநல்லூர் அலுவலகத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருப்பார். அம்மாவின் சுகர் அட்டையில் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். மகனுக்கு அட்டையே இருக்காது. குறுஞ்செய்தி ஆய்வில் 27-ஐ 18 ஆக்கியது இந்த வயது ஆண்களிடம்தான். சொத்து வரிக்காக அவர்களில் பலருடைய கைபேசி எண் மாநகராட்சியிடம் ஏற்கெனவே இருக்கிறது.